அரக்குச் சிவப்பும் பிஸ்மத் மஞ்சளும்: ஆரணிச் சாயப்பானை சொல்லும் ஒரு வேதியியல் வரலாறு

ஆரணியில் எந்தப் பட்டுக்கடைக்குள் நுழைந்து அரக்கு நிறத்தில் சேலை கேட்டாலும், கடைக்காரர் தயங்காமல் எடுத்து விரிப்பார். அந்தச் சேலையில் அரக்கு ஒரு துளியும் இராது. அரக்குப்பூச்சியின் சாயம் நம் தறிகளை விட்டு நீங்கி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. சொல் மட்டும் நிறத்தின் பெயராக நிலைத்துவிட்டது. மாம்பழ நிறம், மயில்கழுத்து, வெங்காயச் சருகு என்னும் பெயர்கள் உவமையால் வந்தவை. அரக்கு அவ்வாறன்று. அது ஒரு செய்முறையின் பெயர். அந்தச் செய்முறைக்குள் ஒரு வேதியியல் இருந்தது. அதன் கிளை ஒன்று இன்று மருந்துக்கடையில் விற்கும் பிஸ்மத் சேர்மங்கள் வரை நீள்கிறது. அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் நூலும்

கமண்டல நாகநதிக் கரையில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது ஆரணி. வரலாற்று நூல்களில் இவ்வூர் பெரும்பாலும் போர்க்களமாகவே தலைகாட்டுகிறது. 1751இல் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையை இங்கே முறியடித்தார். 1782இல் ஐதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. மராட்டியர் வழிவந்த ஜாகீர்தார்கள் நெடுங்காலம் ஆண்ட ஊர் என்பதும் ஏடுகளில் உண்டு. ஆனால் ஊரைத் தாங்கி நின்றவை கோட்டையும் குதிரையும் அல்ல, நெல்லும் தறியும்தான். ஆரணி என்றவுடன் அரிசியும் பட்டும் நினைவுக்கு வருவது இன்றளவும் மாறவில்லை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

பட்டு தறிக்கு வருமுன் சாயப்பட்டறைக்குப் போகிறது. பட்டுப்புழு நூற்ற இழை இரண்டு புரதங்களால் ஆனது. உள்ளிருப்பது பைப்ராயின், அதைப் பசைபோல் சுற்றியிருப்பது செரிசின். காரநீரில் காய்ச்சி அந்தப் பசையைக் கழுவினால்தான் பளபளப்பும் மென்மையும் வெளிப்படும். அவ்வாறு கழுவும்போது நூலின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். எஞ்சுகின்ற பைப்ராயின் இழையே சாயத்தை ஏற்கும் பொருள்.

சாயம் ஏறுவது எளிது, நிற்பதுதான் கடினம். துணியைத் துவைத்த நீரோடு நிறமும் போய்விடாமல் பிடித்து நிறுத்துவதற்கு மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும். சாயத்தொழிலின் வரலாறு முழுவதும் அந்த மூன்றாம் பொருளைத் தேடிய வரலாறுதான் என்றால் மிகையாகாது.

பானைக்குள் என்ன இருந்தது?

பட்டுக்கு ஏற்ற பழைய சிவப்பு, கொம்பரக்கிலிருந்து வந்தது. மரக்கொம்புகளில் சிறு பூச்சிகள் கட்டும் கூட்டை நீரிலிட்டுச் சாறு எடுப்பார்கள். அதனோடு புளியும் படிக்காரமும் சேரும். புளி, சாற்றுக்குத் தேவையான புளிப்பைத் தரும். படிக்காரம், நிறத்தை நூலில் நிறுத்தும். படிக்காரம் என்பது அலுமினியத்தின் உப்பு.

கறுப்புக்கு வேறு வழி. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டு, பானையின் வாயை மூடிச் சில வாரங்கள் புளிக்க விடுவார்கள். வெல்லம் முதலில் சாராயச்சத்தாகவும் பின்பு காடியாகவும் மாறும். காடியில் இருப்பது அசிட்டிக் அமிலம். அது இரும்பைக் கரைத்து இரும்பு அசிட்டேட் என்னும் சேர்மத்தை உண்டாக்கும். கடுக்காய்ச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணிமேல் இந்த நீரைத் தீட்டினால், தீட்டிய இடம் கண்முன்னே கறுத்துவிடும். கருப்பூரிலும் காளத்தியிலும் கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் இப்படித்தான் கறுப்புக் கோடு இழுக்கிறார்கள்.

இந்த அறிவை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர், பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்தூ. சமற்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை வில்லியம் ஜோன்சுக்கு முன்பே, 1767இல், எடுத்துக்காட்டியவர் என்று மொழியியல் மாணவர்கள் இவரை அறிவார்கள். அதே கேர்தூ 1742இல் எழுதிய கடிதம் ஒன்றில், சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சாயம் தோய்க்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியைப் பக்குவம் செய்வது, படிக்காரம் தீட்டுவது, சாயவேரில் கொதிக்க வைப்பது என்று எல்லாம் அதில் உண்டு. சாயத்தொழில் தெரிந்த உள்ளூர்க் கிறித்தவர்களிடம் கேட்டறிந்து அவர் எழுதியது அது. சொன்னவர்களின் பெயர்களை உலகம் அறியாது. எழுதியவரின் பெயர் நிலைத்துவிட்டது. அக்கடிதத்தின் பயன் ஐரோப்பிய அச்சுத்துணித் தொழிலுக்குச் சென்றது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

குறடு போன்ற ஒரு பிடி

மேலே சொன்ன பொருள்களில் பலவற்றுக்கும் பொதுவான ஓர் உறுப்பு உண்டு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், காடியிலுள்ள அசிட்டிக் அமிலம், கடுக்காயிலுள்ள காலிக் அமிலம், அரக்கின் நிறப்பொருளாகிய லாக்காயிக் அமிலம் ஆகிய நான்கும் கார்பாக்சில் என்னும் அணுத்தொகுதியைக் கொண்டவை. ஒரு கரி அணு, அதில் இரண்டு ஆக்சிஜன், அவற்றில் ஒன்றோடு ஒட்டிய ஒரு ஹைட்ரஜன். இவ்வளவுதான் கார்பாக்சில். அந்த ஹைட்ரஜன் விலகி, அவ்விடத்தில் ஓர் உலோகம் வந்து அமர்ந்தால் அச்சேர்மத்துக்குக் கார்பாக்சிலேட் என்று பெயர். இரண்டு ஆக்சிஜன்களும் குறட்டின் இரு முனைகளைப் போல் உலோகத்தைப் பற்றிக்கொள்ள வல்லவை.

பட்டு இழைக்கும் இந்தக் குறடு உண்டு. பைப்ராயின் பெரும்பாலும் கிளைசின், அலனின், செரின் என்னும் சிறிய அமினோ அமிலங்களால் ஆனது என்றாலும், இடையிடையே அசுபார்டிக், குளூட்டாமிக் அமிலங்களும் வருகின்றன. அவற்றின் பக்கச்சங்கிலி முனையில் ஒரு கார்பாக்சில் இருக்கும். படிக்காரத்தின் அலுமினியம் ஒரு பக்கம் இழையைப் பற்றும். மறுபக்கம் சாயத்தைப் பற்றும். நடுவில் நிற்கும் உலோகமே பாலம். ஆரணியிலும் காஞ்சியிலும் சாயம் தோய்த்தவர் எவரும் கார்பாக்சில் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் படிக்காரம் குறைந்தால் நிறம் வெளிறும் என்பதையும், இரும்பு கலந்தால் சிவப்பு கருகும் என்பதையும் அவர்கள் விரல் நுனியில் அறிந்திருந்தார்கள்.

கடுக்காயின் கதை இன்னும் சுவையானது. காலிக் அமிலத்தில் கார்பாக்சிலோடு, அருகருகே மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளும் உண்டு. இரும்போடு சேர்ந்து கறுப்பைத் தருவதில் அவற்றுக்கே பெரும்பங்கு. நம் துணியின் கறுப்பும் ஐரோப்பியரின் எழுதும் மையும் அடிப்படையில் ஒன்றுதான். அவர்கள் கடுக்காய்க்கு மாற்றாக ஓக் மரத்தின் பூச்சிக்காய்களைப் பயன்படுத்தினார்கள். அக்காய்களிலிருந்து 1786இல் சுவீடன் வேதியியலாளர் ஷேலே காலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர் பிரான்சின் பிராக்கோனோ அதன் உறவான இன்னோர் அமிலத்தைக் கண்டு, பூச்சிக்காயைக் குறிக்கும் 'கால்' என்னும் பிரெஞ்சுச் சொல்லைத் தலைகீழாக எழுதி, எலாஜிக் அமிலம் என்று பெயரிட்டார். எழுத்தை மாற்றிப்போடும் சித்திரக்கவி விளையாட்டு புலவர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்! இந்த எலாஜிக் அமிலமும் கடுக்காயில் உண்டு.

1856க்குப் பின்

1856இல் இலண்டனில் பதினெட்டு வயது பெர்க்கின், கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் செய்தார். 1868இல் ஜெர்மானியர்களான கிரேபேயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். அலிசரின் என்பது நம் சாயவேரின் சிவப்பு. சில ஆண்டுகளுக்குள் சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பு வீழ்ந்தது. அரக்குச் சாயமும் அவ்வாறே ஒதுங்கியது. புதிய சாயங்களைப் பட்டு நூல் எளிதில் ஏற்றுக்கொண்டது. புளியும் படிக்காரமும் தேவைப்படவில்லை. நாட்கணக்கில் நடந்த வேலை ஒரு மணிப்பொழுதில் முடிந்தது. சென்னை மாகாணத்துச் சாயத்தொழில் குறித்து எட்வின் ஹோல்டர் 1896இலும், பட்டுத்தொழில் குறித்து எட்கர் தர்ஸ்டன் 1899இலும் தனிநூல்கள் எழுதியபோது இம்மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

பருத்திக்கு மட்டும் புதிய சாயங்கள் எளிதில் வசப்படவில்லை. பருத்தியில் புரதம் இல்லை. பற்றுவதற்குக் கைப்பிடி இல்லை. ஆகவே துணியை முதலில் கடுக்காய் போன்றவற்றின் துவர்ச்சத்தில் தோய்த்து, பிறகு பொட்டாசியம் ஆண்டிமனி டார்ட்ரேட் என்னும் உப்பில் தோய்த்து, அதன்மேல் சாயம் ஏற்றினார்கள். இந்த உப்பு, புளியிலுள்ள அதே டார்டாரிக் அமிலத்தோடு ஆண்டிமனி என்னும் உலோகம் சேர்ந்த கார்பாக்சிலேட். நம் கடுக்காய் கப்பலேறி மேலைநாட்டுத் தோல்பட்டறைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் போனது இக்காலத்தில்தான்.

அதே ஆண்டிமனி உப்பு மருந்தாகவும் இருந்தது. கருங்காய்ச்சல் என்னும் காலா ஆசாருக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஊசியாகச் செலுத்தினார்கள். அதன் நச்சுத்தன்மை மிகுதி. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அதற்கு மாற்றாக யூரியா ஸ்டிபமின் என்னும் ஆண்டிமனிச் சேர்மத்தை உருவாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். சாயப்பானையும் மருந்துக்கலமும் இவ்வளவு அருகருகே இருந்தவை.

அடுத்த வீட்டு உலோகம்

தனிமங்களின் அட்டவணையில் ஆண்டிமனிக்கு நேர் கீழே இருப்பது பிஸ்மத். அணு எண் 83. தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களில் வரும் நிமிளை என்பதைப் பிஸ்மத் என்று கொள்வாரும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் என்று கொள்வாரும் உண்டு. ஆகவே இங்கே பிஸ்மத் என்றே எழுதுவோம். மேலே ஆர்சனிக், ஆண்டிமனி; பக்கத்தில் ஈயம்; எல்லாம் நஞ்சு. நடுவிலிருக்கும் பிஸ்மத் மட்டும் சாதுவானது. 1786இல் ஜெனீவா மருத்துவர் ஓடியே அதன் உப்பை வயிற்று நோய்க்குப் பயன்படுத்தினார்.

1891இல் ஜெர்மனியில் ஹைன்ஸும் லீப்ரெக்டும் பிஸ்மத்தைக் காலிக் அமிலத்தோடு சேர்த்து டெர்மடால் என்னும் புண்மருந்தை அறிமுகம் செய்தார்கள். செய்முறை எளிது. பிஸ்மத் நைட்ரேட்டை அசிட்டிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். வெறும் நீரில் இட்டால் அது சிதைந்து வெண்பொடியாகப் படிந்துவிடும். வெந்நீரில் கரைத்த காலிக் அமிலத்தை அதனோடு சேர்த்தால் மஞ்சள் நிறப் பொடி ஒன்று அடியில் தங்கும். கழுவி உலர்த்தினால் மருந்து தயார். காடி, கடுக்காயின் அமிலம், ஓர் உலோகம்: கறுப்புச் சாயக்காரரின் பானையில் இரும்பை எடுத்துவிட்டுப் பிஸ்மத்தை இட்டது போன்ற காட்சி! இதன் உறவான பிஸ்மத் சாலிசிலேட் மருந்து, அமெரிக்காவில் 1901இல் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு விற்பனைக்கு வந்து, பின்பு பெப்டோ பிஸ்மால் என்று பெயர் பெற்றது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான நுண்ணுயிரை 1982இல் வாரனும் மார்ஷலும் இனங்கண்டபின், பிஸ்மத் சேர்மங்களுக்கு மீண்டும் மதிப்பு ஏறியது. அந்த நுண்ணுயிரை ஒழிக்கும் கூட்டுமருந்துகளில் பிஸ்மத் இன்றும் இடம்பெறுகிறது.

இங்கேதான் நாம் வியக்க வேண்டிய செய்தி. நூறாண்டுக்கு மேல் மக்கள் விழுங்கிய இம்மருந்துகளின் அணுக்கட்டமைப்பு எவருக்கும் தெரியாமலே இருந்தது. காரணம், இவை எதிலும் கரைவதில்லை. பெரிய படிகமாக வளர்வதும் இல்லை. எக்ஸ் கதிர் முறைக்குத் தக்க படிகம் வேண்டும். இங்கே கிடைப்பதோ மாவு போன்ற நுண்துகள். 2017இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். எக்ஸ் கதிருக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினார்கள். துகளைக் குளிர வைத்து, மெல்லச் சுழற்றியபடியே படம் பிடித்தார்கள். பிஸ்மத் காலேட், தனித்தனி மூலக்கூறுகளின் குவியல் அன்று. உலோகமும் அமிலமும் மாறிமாறிக் கோத்து நீளும் தொடர் என்று தெரியவந்தது. அது ஏன் கரைவதில்லை, அமிலத்தையும் ஏன் தாங்குகிறது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. 2022இல் பிஸ்மத் சாலிசிலேட்டின் அமைப்பும் வெளிப்பட்டது. அது அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகள் சற்றே ஒழுங்கு தவறிக் கிடப்பவை.

இடையில், 2020இல், அதே பல்கலைக்கழகத்தில் பிஸ்மத்தையும் எலாஜிக் அமிலத்தையும் சேர்த்து நுண்துளைகள் கொண்ட ஒரு பொருளைச் செய்தார்கள். கொதிகலனும் உயரழுத்தமும் வேண்டியிருக்கவில்லை. நீர், அசிட்டிக் அமிலம், அறை வெப்பநிலை, கலக்கிக்கொண்டே இருக்கும் பொறுமை, இவை போதுமாயின. நம் பானைக்காரர்களுக்கு இச்செய்முறை அந்நியமாகப் பட்டிருக்காது.

அறிவது என்றால் என்ன?

கட்டமைப்பு தெரியாமலே பயன்படுத்தலாம் என்றால், கட்டமைப்பை அறிவதால் என்ன பயன்? இக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. பழைய முறைகளைப் போற்றுவோர் பலர் இந்த இடத்தில் கைதட்டி நின்றுவிடுகிறார்கள்.

பானையறிவுக்கு எல்லை உண்டு. இரும்பும் கடுக்காயும் தந்த கறுப்பு காலப்போக்கில் இழையையே அரித்துவிடும். பழந்துணிகளில் கறுப்பிட்ட இடங்கள் முதலில் கிழிவதை அருங்காட்சியகங்களில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள், கழுவும்போது இழந்த கால்பங்கு எடையை ஈடுகட்ட, பட்டில் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். எடை கூடியது, துணி சில பத்தாண்டுகளில் மடிப்புமடிப்பாக நொறுங்கியது. 1970களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளை நெடுங்காலம் உண்ட பலநூறு பேர் மூளை பாதிப்புக்கு ஆளாயினர். சாது என்று நம்பிய உலோகமும் அளவு மீறினால் சாது அன்று. பென்சிடின் வழிவந்த சாயங்கள் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாக்கும் என்று அறிந்த பின்னரே, அத்தகைய சாயங்கள் இந்தியாவில் 1990களில் தடைக்குள்ளாயின. அவ்வறிவு வருமுன் அவற்றில் கைநனைத்தவர்கள் கூலிக்குச் சாயம் தோய்த்த தொழிலாளிகள். ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிவது ஆய்வகத்தின் ஆடம்பரமன்று. தோய்ப்பவரின் கைக்குக் கிடைக்கும் காப்பு.

எனினும் பானையறிவைப் பழங்கதை என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. அரக்கின் லாக்காயிக் அமிலங்களுடைய கட்டமைப்பை 1960களில் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் கி. வெங்கட்ராமன். 1901இல் சென்னையில் பிறந்தவர். அவ்வாய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். செயற்கைச் சாயங்கள் பற்றி உலகம் போற்றும் பெருநூலை எழுதியவர். செயற்கைச் சாயத்தின் பேரறிஞரே, அச்சாயம் ஒதுக்கித்தள்ளிய அரக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். அவர் கண்டது, ஊர்ப்பெயர் தெரியாத சாயக்காரர்கள் புளியும் படிக்காரமும் இட்டு நூற்றாண்டுகளாக நடத்திய வேலையின் விளக்கம்.

இன்று பட்டுக்கு ஏற்றும் சாயங்கள் சிலவற்றில் குரோமியமோ கோபால்ட்டோ தொழிற்சாலையிலேயே சாய மூலக்கூறுக்குள் பொதிந்து வருகிறது. பானையில் சாயக்காரர் கோத்த பிடியை இப்போது ஆலை கோத்துப் பொட்டலமாக அனுப்புகிறது. பாலமாக நிற்கும் உலோகம் அகலவில்லை. அதை எவ்வளவு இடுவது, எப்போது இடுவது என்று முடிவு செய்த கைதான் அகன்றுவிட்டது. அந்தக் கை அறிந்திருந்ததில் ஒரு பகுதி கேர்தூவின் கடிதத்தில் உள்ளது. ஒரு பகுதி கலம்காரிப் பானைகளில் உள்ளது. பெரும்பகுதி எழுதப்படாமலே போயிற்று. ஆரணியில் இன்றும் முதிய சாயக்காரர்கள் இருக்கிறார்கள். நீரின் தன்மை, நூலின் பதம், நிறம் திரும்பும் நேரம் என்று அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டு, இம்முறை சொன்னவர் பெயரோடு சேர்த்து எழுதி வைக்க நம்மில் சிலராவது முன்வர வேண்டும்.